டியாப்லோ கேன்யன்: மறுக்கப்பட்ட ஓர் அனுமதி

அணு உலையை ஒட்டிய கடலடி நிலம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஓர் அரசு அமைப்பே தடை போட்டது என்று கேள்விப்பட்டால் யாருக்கும் முதலில் கோபம்தான் வரும். 2012 நவம்பரில் கலிபோர்னியாவில் நடந்தது அதுதான். டியாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்துக்கு எதிரே கடலடியில் ஓடும் நிலநடுக்கப் பிளவுகளை முப்பரிமாணத்தில் படமெடுக்க, நிலையத்தை நடத்தும் பிஜி அண்ட் இ நிறுவனம் அனுமதி கேட்டது. ஃபுகுஷிமா விபத்து நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். அங்கே கரையிலிருந்து 3 மைல் வரையிலான கடலடி நிலம் பொதுச்சொத்து. அதைப் பராமரிக்கும் மாநில நில ஆணையம், கடல்வாழ் பாலூட்டிகளுக்குத் தவிர்க்க முடியாத பாதிப்பு உண்டு என்று தன் அறிக்கையே சொல்லியும், ஆகஸ்டில் இசைந்துவிட்டது. ஆனால் மாநிலத்தின் கடற்கரை ஆணையம் ஒருமனதாக மறுத்தது. அந்த மறுப்பு சரி என்பதே என் கட்சி.

ஆய்வு என்றால் யாரோ கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து அளந்துவிட்டுப் போவது என்று நினைத்துவிடக் கூடாது. கப்பல் 18 ஏர் கன்களை இழுத்துக்கொண்டு போகும். அவை அழுத்தப்பட்ட காற்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை, இரவு பகலாக, நீருக்குள் வெடித்தாற்போல் விடும். பாறையடுக்கில் பட்டுத் திரும்பும் ஒலிதான் படமாகிறது. ஒலி 250 டெசிபல் வரை போகும் என்றார்கள். (அதை விமான இரைச்சலோடு ஒப்பிட்டதெல்லாம் மிகை, நீரில் டெசிபல் கணக்கே வேறு.) ஆனால், விட்டுவிட்டு எழும் இத்தகைய ஒலி 160 டெசிபலைத் தொட்டாலே கடல் பாலூட்டிகளின் நடமாட்டம் குலையும் என்பது அமெரிக்க அரசு வைத்திருக்கும் அளவுகோல். அருகிலுள்ள மோரோ பே கடற்பன்றிகளோ அந்த வட்டாரத்தை விட்டு அதிகம் நகராதவை. மீனவர்களும் எதிர்த்தார்கள். ‘துளையா போடுகிறோம், வெறும் ஆய்வுதானே’ என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது.

மனித உயிரைவிடக் கடற்பன்றி பெரிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கடற்கரை ஆணையத்தின் முன் இருந்த கேள்வி அதுவல்ல. நிலத்திலும், ஒலி குறைந்த கருவிகளால் கடலிலும் திரட்டிய தரவுகள் அப்போது முழுதாக அலசப்படவே இல்லை. இன்னொன்று: நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஓடும் ஷோர்லைன் பிளவு 2008இல் தெரியவந்தது, ஏற்கெனவே பதிவான சிறு அதிர்வுகளின் இடங்களைத் துல்லியமாகக் கணக்கிட்டுத்தான், அதற்கு ஏர் கன் தேவைப்படவில்லை.

நிலையத்துக்கு எதிரே கடலடியில் ஓடும் ஹோஸ்கிரி பிளவு, எண்ணெய் தேடிய ஒலி ஆய்வில்தானே கிடைத்தது என்று மடக்குபவர்கள் உண்டு. உண்மைதான். ஷெல் நிறுவனப் புவியியலாளர் இருவர் அதை 1971இல் வெளியிட்டார்கள். நிலையத்துக்குக் கட்டுமான அனுமதி கொடுத்தது 1968இல்! கடலடியைத் துருவியிருக்க வேண்டிய காலம் அதற்கு முன்பு. அன்றென்றால் இடத்தையே மாற்றியிருக்கலாம். கட்டிடம் எழும்பிய பிறகு வடிவமைப்பைத் திருத்தி, வலுவூட்டி, 1985இல்தான் வணிக மின்னுற்பத்தி தொடங்கியது. ஆய்வே வேண்டாம் என்பவன் அல்ல நான். ஒலி குறைந்த கருவிகளுக்கு அதே நில ஆணையம் நிபந்தனைகளோடு அனுமதி தருகிறது. அதில் எனக்குக் குறையில்லை.

அந்தப் பெரிய ஆய்வு இல்லாமலேயே 2014இல் நிறுவனம் தன் நிலநடுக்க அறிக்கையைக் கொடுத்தது. 2025க்குள் மூடவிருந்த நிலையத்தை 2030 வரை நடத்த 2022இல் சட்டமும் வந்துவிட்டது. நீட்டிப்பைக் காட்டி ஏர் கன் விண்ணப்பம் மறுபடி வந்தால், கிடைக்கும் தரவு எந்த முடிவை மாற்றும் என்று நிறுவனம் முதலில் எழுத்தில் தரட்டும். தர முடியாவிட்டால் கோப்பைத் திருப்பி அனுப்பலாம்.