ஏவியவன் எங்கே?

திரைப்படம் சமுதாயத்தின் கண்ணாடி என்பர். கொலையும் குருதியும் மலிந்த படங்களைக் குறை கூறும்போதெல்லாம் இந்த ஒரு வாசகமே கேடயமாக உயர்த்தப்படுகிறது. உள்ளதைத்தானே காட்டுகிறோம், முகம் கோணலாக இருந்தால் கண்ணாடியை உடைப்பதா என்று படமெடுப்போர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால், அதற்கு முன்னரே எழ வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்தக் கண்ணாடி யாருடைய முகத்தைக் காட்டுகிறது? யாருடைய முகத்தை மறைக்கிறது? மலேசியத் தமிழரைப் பற்றி எடுக்கப்பட்ட பெரும்படம் ஒன்றில் வரும் கூலிக் கொலையாளியை முன்னிறுத்தி இக்கேள்வியை ஆராய்தல் தகும்.

இரு துப்பாக்கிகள்

2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பா. இரஞ்சித்தின் இயக்கத்தில், இரஜினிகாந்த் நடித்த 'கபாலி' வெளிவந்தது. தோட்டத் தொழிலாளரின் கூலி உரிமைக்குக் குரல் கொடுத்த ஒருவன் குண்டர் கும்பலின் தலைவனாகி, இருபத்தைந்து ஆண்டு சிறையிலிருந்து மீண்டு, பகைவரைப் பழிதீர்ப்பதே அதன் கதை. பழி கூறுமுன் நன்றி கூறுவது முறை. சென்னையிலிருந்து வந்த பெரும்படங்களுக்கு இந்நாடு அதுவரை பெரும்பாலும் பாடல் காட்சிக்குரிய இடமாகவே இருந்தது. அந்நிலை மாறி, தோட்டப்புறத் தமிழனின் வரலாறே படத்தின் பொருளாயிற்று. அதற்காக அப்படம் பாராட்டுக்குரியது.

அதே படத்தில் கூலிக்குக் கொலை செய்ய வருவோர் இருவர் இருக்கின்றனர். ஒருத்தி யோகி. தன்சிகா ஏற்று நடித்த வேடம் அது. குறுக வெட்டிய தலைமுடி, உடலெங்கும் பச்சைக் குத்து, கையில் துப்பாக்கி எனக் கபாலியைக் கொல்ல அமர்த்தப்பட்டவளாகப் படத்துள் அவள் நுழைகிறாள். பின்னர், இறந்துவிட்டாளெனக் கருதப்பட்ட கபாலியின் மகளே அவள் எனத் தெரிய வருகிறது. மகள் என்று தெரிந்த அந்தக் கணமே 'கூலி' என்ற சொல் மறைந்து, 'குருதி உறவு' என்ற சொல் அவ்விடத்தில் வந்து அமர்கிறது. அவள் சுடச் சுட அரங்கம் ஆரவாரிக்கிறது. அவளது தொழிலால் அதற்கு முன் உயிரிழந்தவர் எவர், அவர்தம் மனைவி மக்கள் என்னவாயினர் என்று படம் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. தந்தையைக் கண்டதால் அவளுடைய கணக்குப் புத்தகம் மூடப்பட்டுவிடுகிறது.

இன்னொருவன் டைகர். வழிதவறிய இளைஞர்களுக்கென நடத்தப்படும் மறுவாழ்வுப் பள்ளியில் பயின்ற மாணவன். கபாலியின் மேல் அன்பு கொண்டவனாகத் தோன்றும் அவனையே, கபாலியைத் தீர்த்துவிடுமாறு காவல் துறையினர் ஏவுகின்றனர். படத்தின் கடைசியில் அவன் கபாலியை நெருங்குகிறான். திரை இருள்கிறது. துப்பாக்கி வெடிக்கும் ஓசை மட்டும் கேட்கிறது.

யோகிக்குப் பெயரும் பெற்றோரும் வீரமும் பின்னணி இசையும் வழங்கிய படம், டைகருக்குச் சில மணித்துளிகளையே வழங்கியது. ஆனால் உண்மைக்கு அருகில் நிற்பவன் டைகரே. கூலிக் கொலையாளி தலைவனின் மகளாக இருப்பது கதையில் மட்டுமே நிகழும். வாழ்க்கையிலோ அவன் பள்ளியை விட்டு நீங்கிய ஒரு சிறுவன். அவனுக்கு வேறொருவர் பணமும் பகையும் கொடுத்து அனுப்புகின்றனர். காரியம் முடிந்தபின் அவனை அறிந்தவர் எவருமிலர்.

தணிக்கையின் ஒட்டுத்தாள்

இந்த இறுதிக் காட்சிக்கு மலேசியாவில் நேர்ந்தது யாது? கபாலி காவல் துறையிடம் சரணடைந்தான் என்ற வாசகம் இங்குத் திரையிடப்பட்ட படத்தின் முடிவில் சேர்க்கப்பட்டது. குற்றம் செய்தவன் சட்டத்துக்குத் தப்பலாகாது என்பது தணிக்கையின் கொள்கை. கொள்கையில் பிழையில்லை, அதை நிறைவேற்றிய முறையில்தான் பிழை. இரண்டரை மணி நேரம் துப்பாக்கியைத் தெய்வமாக்கிக் காட்டிவிட்டு, ஒற்றை வரியால் அதைக் குற்றமாக்க முயல்வது, குடம் நிறைய நஞ்சைக் கொடுத்துவிட்டுத் துளசி இலை ஒன்றை மருந்தாகத் தருவதற்கு ஒப்பாகும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. "அச்சிறுவனை ஏவியது யார்? ஏன் ஏவினர்?" என்று பார்ப்பவன் மனத்தில் எழவேண்டிய கேள்வியை அவ்வொட்டுத்தாள் மூடி மறைத்தது. கொலையைக் கொண்டாடிய காட்சிகள் நீடித்தன. கொலையைக் குறித்துச் சிந்திக்க வைத்த ஒரே காட்சி ஊமையாயிற்று.

சிலம்பு கேட்ட கேள்வி

தமிழ் இலக்கியத்துக்குக் கூலி வாள் புதிய பொருளன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனை வெட்டி வீழ்த்தியவன் யார்? கல்வியற்ற, கள்ளுண்ட காவலாள் ஒருவன். இளங்கோவடிகள் அவனுக்குப் பெயர்கூடச் சூட்டவில்லை. கண்ணகி அவனைத் தேடிச் செல்லவுமில்லை. அவள் நேரே அரண்மனை வாயிலுக்குச் சென்றாள். வெட்டிய கை எவருடையது என்பதைவிட, வெட்டச் சொன்ன வாய் எவருடையது என்பதே அவளுடைய வழக்கு. ஏவிய மன்னனோடு பொய்யுரைத்த பொற்கொல்லனும் அவ்வழக்கில் வெளிப்பட்டான். அக்கேள்வியை எழுப்பிய காரணத்தாலேயே அக்காப்பியம் இன்றும் வாழ்கிறது.

இன்றைய திரைப்படமோ வெட்டியவனுக்கு மாலையிடுகிறது. வெட்டச் சொன்னவனை மாற்றான் இனத்து வில்லனாக்கி, கோட்டும் சூட்டும் அணிவித்து, இறுதியில் நாயகனின் கையால் சாகடித்து முடிக்கிறது. பார்ப்பவன் பழிதீர்ந்த நிறைவோடு வீடு திரும்புகிறான். ஆனால் செய்தித்தாள்களில் வரும் கும்பல் மோதல்களைப் படிப்போர் அறிவர்: வெட்டியவனும் வெட்டுண்டவனும் பல வேளைகளில் தமிழ்ப் பெயரையே தாங்கி நிற்கின்றனர்.

புக்கிட் தெங்காவின் கணக்கு

இதனைச் சென்னையிலிருந்து பார்த்தால் வெறும் கதையாகத் தோன்றலாம். புக்கிட் தெங்காவிலிருந்து பார்த்தால் அவ்வாறு தோன்றாது. பினாங்கு என்றதும் தீவே நினைவுக்கு வரும். புக்கிட் தெங்கா தீவிற்கு எதிரேயுள்ள பெருநிலத்தில், செபராங் பிறையில், ஜூருவுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடையில் அமைந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிலப்பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். கரும்புக்குப் பின் இரப்பர் வந்தது. 1970ஆம் ஆண்டுகளில் பிறை வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகின. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. இன்று புக்கிட் தெங்காவில் தொழிற்பேட்டையும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் உண்டு.

வளர்ச்சி வந்தது. ஆனால், இந்நாட்டில் தோட்டம் துண்டாடப்பட்ட இடங்களிலெல்லாம் தமிழன் இழந்தது வேலையை மட்டுமன்று. குடியிருந்த இலயன் வீடும், அடுத்த தெருக் கோயிலும், கூப்பிடு தூரத்துத் தமிழ்ப்பள்ளியும், தவறு செய்தால் கண்டிக்கும் உரிமை பெற்ற பெரியவர்களும் ஒருங்கே போயினர். மலிவு விலை அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்ட குடும்பத்தின் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்து, மொழி மாறும் புகுமுக வகுப்பில் தடுமாறி, படிவம் மூன்றிலோ ஐந்திலோ நின்றுவிடுகிறான். 'நீ யார்?' என்று அவனைக் கேட்க அப்போது ஒருவருமில்லை. 'நீ எங்களவன்' என்று சொல்ல மட்டும் ஒரு கும்பல் காத்திருக்கிறது.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் ஏறத்தாழ 40,000 பேர் இருப்பதாகவும், பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றும் அமைச்சு அறிவித்தது. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு பேராக உள்ள இனம் அது. அடுத்த ஆண்டே, விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரத்தோடு குற்றத்தடுப்புச் சட்டம் வலுப்பெற்று நடைமுறைக்கு வந்தது. சிறைக்கதவு அகலத் திறந்தது. பள்ளிக்கதவு அந்த அளவு திறக்கவில்லை.

கூலிக்குக் கொல்லுபவனுக்குச் சட்டம் வைத்திருப்பது என்ன? தண்டனைச் சட்டத் தொகுப்பின் 302ஆம் பிரிவின்படி கொலைக்குக் கட்டாய மரண தண்டனை இருந்தது. 2023இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. இப்போது மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை. தூண்டியவனுக்கும் அதே தண்டனை உண்டு என்று சட்டம் கூறுகிறது. ஆனால் சுட்டவனுக்கு எதிராகத் துப்பாக்கியும் தோட்டாவும் கண்டவரும் சாட்சி கூறுவர். தூண்டியவனுக்கு எதிராகச் சாட்சி கூற வேண்டியவன், சுட்டவன் ஒருவனே. அவன் வாய் அச்சத்தால் அடைபட்டிருக்கும். இருபது வயதில் சிறை புகுந்தவன் ஐம்பதைக் கடந்து வெளிவரும்போது, ஏவியவன் எங்கோ முதலாளியாக வாழ்ந்து முடித்திருப்பான். இக்கணக்கை எந்தப் பின்னணி இசையோடு காட்டினாலும் கைதட்டல் எழாது. அதனாலேயே அது காட்டப்படுவதில்லை போலும்.

புகழ் என்னும் நஞ்சு

பெந்தோங் காளி 1993ஆம் ஆண்டு ஜூன் திங்களில் காவல் துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் இளைஞர் வாயில் வழங்குகிறது. அவனால் மாண்டவர் பெயரைச் சொல்லச் சொன்னால் ஒருவரும் சொல்லார். கொன்றவனை நினைவிலும் கொல்லப்பட்டவனை மறதியிலும் வைக்கும் வழக்கத்தைத் திரைப்படம் உண்டாக்கவில்லை என்பது மெய்யே. எனினும் அவ்வழக்கத்துக்கு ஒளியும் ஒலியும் ஊட்டி வளர்த்த பொறுப்பிலிருந்து அது தப்ப இயலாது. பழியில் சமுதாயத்துக்கும் பங்குண்டு. இறுதி ஊர்வலத்தில் கும்பல் சின்னக் கொடி பறந்தபோது வாய்மூடி நின்றவர் எத்தனை பேர்! கைநீட்டி வாங்கிய நன்கொடை எவ்வழியில் வந்தது என்று கேளாத திருவிழாக் குழுக்கள் எத்தனை!

அவ்வாறாயின் இத்தகைய படங்களைத் தடை செய்துவிடலாமா? கூடாது. தடை அறியாமைக்குப் பூட்டும் பூட்டு. அறிவைத் திறக்கும் சாவியன்று. இதே பொருளை இந்நாட்டுக் கலைஞரே நேர்மையாகக் கையாண்டிருக்கின்றனர். 2015இல் வெளிவந்த சஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்', தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பத்தின் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அப்போயின் கதை. அவனிடம் கற்பனை வளம் உண்டு. அதை வீடும் பள்ளியும் பிரம்பால் அளக்கின்றன. அவன் கெட்டவனாகப் பிறக்கவில்லை, படிப்படியாக ஆக்கப்படுகிறான். படம் முடியும்போது பார்ப்பவன் கைதட்டுவதில்லை, கலங்குகிறான். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது அதற்குக் கிட்டியது. விருது கிட்டியும், கபாலிக்குத் திரண்ட கூட்டத்தில் ஒரு சிறு பகுதியும் அதற்குத் திரளவில்லை. குற்றம் படமெடுப்போரிடம் மட்டும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கதை எழுதுவோர் கொலையாளியைப் படைக்கட்டும். படைக்கும்போது அவன் வாங்கிய கூலி எவ்வளவு என்றும் எழுதட்டும். கூலி கொடுத்தவனின் வீட்டு முகவரியையும், மாண்டவன் வீட்டு அடுப்பங்கரையையும் ஒருமுறை காட்டட்டும். தணிக்கையாளர் முடிவில் வாசகம் ஒட்டுவதை விடுத்து, கேள்வி எழும் காட்சியைக் கேள்வியாகவே விட்டுவைக்கட்டும். பெற்றோர், தம் பிள்ளை எந்தக் கதாபாத்திரத்துக்குக் கைதட்டினான் என்பதையும் ஏன் தட்டினான் என்பதையும் படம் முடிந்த அன்றிரவே அவனோடு அமர்ந்து பேசட்டும்.

புக்கிட் தெங்காவிலும் அதுபோன்ற நூறு ஊர்களிலும் உள்ள சிறுவர்களுள் யோகிகள் இல்லை. எந்தப் பெருந்தலைவனும் ஒருநாள் வந்து 'இவன் என் பிள்ளை' என்று உரிமை கொண்டாடி அவர்களை மீட்கப் போவதில்லை. அங்கு உள்ளவர் டைகர்களே. அவர்கள் கையில் துப்பாக்கி வந்து சேருமுன், அதை நீட்டும் கை எவருடையது என்று கேட்கச் சமுதாயம் கற்றாக வேண்டும். கண்ணகி மதுரையில் கேட்டதும் அதுவே.