மாட்டைக் கொடுத்தால் வைக்கோலையும் கொடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பொட்டி தட்டிக்கொண்டே, ஊரில் இருக்கும் தொண்டு நிறுவனத்துக்கு "இலவசமா ஒரு சாஃப்ட்வேர் போட்டுத் தர்றோம்" என்று கிளம்பும் நம்ம ஆட்களைப் பற்றியது இது. திட்டுவதற்காக எழுதவில்லை. நல்ல மனசு இல்லாதவன் லீவு நாளில் இந்த வேலைக்கு வரமாட்டான். ஆனால் போட்டுத் தருவதோடு கடமை முடிந்தது என்கிறார்களே, அதில்தான் எனக்குத் தகராறு.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் புத்தலப்பட்டு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் அந்தப் பக்கம் நிறைய. நானும் அப்படித்தான். அங்கே ஒரு சின்ன டிரஸ்ட், பேர் வேண்டாம். பிள்ளைகளுக்குச் சாயங்கால டியூஷன், பரீட்சை ஃபீஸ், நோட்டுப் புத்தகம், இவ்வளவுதான் வேலை. நன்கொடையாளர்கள் ஆயிரத்துச் சொச்சம். பாதி உள்ளூர், மீதி பெங்களூர், சென்னை, அமெரிக்கா. சில வருஷத்துக்கு முன் நண்பர் குழு ஒன்று அவர்களுக்கு சிவிசிஆர்எம் நிறுவிக் கொடுத்தது. போன லீவில் போனபோது எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். கணக்கு பார்க்கும் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணா, அது திறக்கறதே இல்ல. நாங்க நோட்டுலயே எழுதிக்கறோம்."

மென்பொருளில் கோளாறு இல்லை. டொமைன் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல், எப்போதோ வேலை மாறிப்போன ஒருவரின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அட்மின் கடவுச்சொல்லும் அவரிடமே. பேக்கப் எடுத்திருக்கிறார்கள், அதே சர்வரில்! வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை.

சிவிசிஆர்எம் தெரியாதவர்களுக்கு: தொண்டு நிறுவனங்களுக்கென்றே எழுதப்பட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். 2005ல் வெளிவந்தது. ஆரம்பித்தவர்களில் ஒருவர் டொனால்ட் லோபோ, யாஹூவின் ஆரம்ப கால நிரலாளர், நம்ம நாட்டுக்காரர். யார் கொடுத்தார், எவ்வளவு, எதற்காக, ரசீது போனதா, அடுத்த வருஷம் ஞாபகப்படுத்தணுமா, எல்லாம் ஒரே இடத்தில். வேர்ட்பிரஸ், ட்ரூப்பல், ஜூம்லா எதிலும் ஓடும். இப்போது தனியாகவும் ஓடும். லைசென்ஸ் காசு கிடையாது. நாளைக்கு வேண்டாம் என்றால் தகவலை எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் பிடித்து வைக்க முடியாது. சேல்ஸ்ஃபோர்ஸும் தொண்டு நிறுவனங்களுக்குப் பத்து பேர் வரை இலவசமாகத் தருகிறது. ஆனால் அந்த வீட்டில் நாம் வாடகை தராத குடித்தனக்காரர், அவ்வளவுதான். எனக்கு சொந்த வீடுதான் பிடிக்கும். சொந்த வீட்டுக்கு ஓட்டையும் நாமே மாற்றணும் என்பது வேறு விஷயம் :-)

நிறுவுவது ஒரு சனிக்கிழமை வேலை. அதற்கப்புறம்தான் நிஜ வேலை. நம்ம பெயர்களையே எடுங்கள். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். தமிழ்க்காரருக்கு இனிஷியல், தெலுங்குக்காரருக்கு இன்டிபேரு, எதை எங்கே போடுவது? ஒரே ஆளா என்று கண்டுபிடிக்க அந்த மென்பொருள் மின்னஞ்சலைத்தான் முக்கியமாக நம்புகிறது. மாந்தோப்புப் பெரியவருக்கு ஏது மின்னஞ்சல்? வீடு முழுக்க ஒரே மொபைல் நம்பர். ஒரு வருஷம் கிருஷ்ணையா, அடுத்த வருஷம் கிஷ்டையா, மூன்றாவது வருஷம் "மாந்தோப்பு பெத்தாயன". இவர்கள் ஒரே ஆள் என்று ஊரில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். நியூஜெர்சியில் உட்கார்ந்து நிரல் எழுதிக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. அமெரிக்காவில் இருக்கும் மகன் பணம் அனுப்புவான், "அம்மா பேர்ல ஒரு நாள் சாப்பாடு" என்பான். ரசீது மகனுக்கு, நன்றிக் கடிதம் அம்மாவுக்கு. சிவிசிஆர்எம்மில் இதற்கென்றே சாஃப்ட் க்ரெடிட் என்று ஒரு வசதி உண்டு. அழகான சங்கதி. ஆனால் அதைத் திறந்து வைத்து, பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு.

சரி, பராமரிப்புக்கு வருவோம். சிவிசிஆர்எம்முக்கு மாதம் ஒரு புது வெளியீடு வருகிறது, நடுநடுவே பாதுகாப்புத் திருத்தங்களும். போடாமல் விட்டால் ஆயிரம் பேருடைய பான் நம்பரும் விலாசமும் திறந்த வாசலில் கிடக்கும். 2023ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே இயற்றியாகிவிட்டது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் நின்றுபோனால், நினைவூட்டல் கடிதம் ஒன்றும் போகாது. திரையில் ஒரு சத்தமும் வராது. "இந்த வருஷம் யாரும் ஏன் கொடுக்கலை?" என்று கமிட்டி தலையைச் சொறியும்.

சட்டமும் சும்மா இருப்பதில்லை. 2017-18 நிதியாண்டிலிருந்து ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் 80ஜி விலக்கு இல்லை. 2021-22 நிதியாண்டிலிருந்து படிவம் 10பிடி வந்தது. ஒவ்வொரு நன்கொடையாளர் பெயர், விலாசம், பான் அல்லது வேறு அடையாள எண், தொகை, எப்படி வந்தது எல்லாம் மே 31க்குள் வருமான வரித்துறைக்குப் போகணும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் என்று சட்டம். எட்டு வருஷத்துக்கு முன் போட்டுக் கொடுத்த ரசீது படிவத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்குமா?

எல்லாவற்றிலும் ஆபத்தானது நம்மைப் பற்றியதுதான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் வரை, நம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கினால், ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். வாங்குகிற நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்கணும். 2008ல் எச்1பியில் இருந்தவர் 2021ல் குடிமகன் ஆகிறார். விருந்து வைக்கிறார், ஃபோட்டோ போடுகிறார். புத்தலப்பட்டு டிரஸ்டுக்குச் சொன்னாரா? அதே என்ஆர்ஓ கணக்கிலிருந்து அதே பத்தாயிரத்தை அனுப்பிக்கொண்டிருப்பார், சிக்கல் டிரஸ்டுக்கு. குடியுரிமை என்று ஒரு கட்டம் வைப்பது ஐந்து நிமிட வேலை. வருஷா வருஷம் அதைக் கேட்டுச் சரிபார்ப்பதுதான் பராமரிப்பு.

இதற்கு யார் காசு தருவார்கள்? இங்கேதான் நம்ம சாயம் வெளுக்கிறது. பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க என்றால் உடனே தருவோம். சர்வர் வாடகைக்கு, பகுதிநேர ஆளுக்கு என்றால் "அட்மின் செலவு எத்தனை பர்சென்ட்?" என்போம். அரசாங்கமே 2020ல், வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. அதற்கு மேல் நாமும் கையை இறுக்கினால் பிழைப்பது எப்படி?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். சரி, பார்க்கவேண்டாம். ஆனால் கொடுக்கிறவன் வைக்கோலுக்கு வழி பண்ணணும். இது நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பல்லவ குலத்துச் சாமவை திருமலைக் கோயிலுக்கு வெள்ளியில் ஒரு பெருமாள் விக்கிரகம் கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை. அதன் தினப்படி பூசைக்கும் நைவேத்தியத்துக்கும் நிலம் வாங்கி எழுதி வைத்தாள். அந்தக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. ஏழு மலை ஏறிப் போய் கும்பிடுகிற நாம் இந்த ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

ஆகவே என் கட்சி இதுதான். இருநூறு நன்கொடையாளர் உள்ள நிறுவனத்துக்கு எக்ஸெல் போதும், ஆசை காட்டாதீர்கள். அதற்கு மேல் என்றால், ஐந்து வருஷத்துக்கான பராமரிப்புப் பணத்தைச் சேர்த்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள். டொமைன், சர்வர், கடவுச்சொல் எல்லாம் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். சித்தூர், திருப்பதிப் பக்கம் இன்ஜினியரிங் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமா? ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ சொல்லிக் கொடுத்து, சம்பளம் கொடுங்கள். ஓசியில் வேண்டாம். ஒரு டிரஸ்டால் முடியாவிட்டால் அக்கம்பக்கத்து நாலு டிரஸ்டுகள் சேர்ந்து ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம். லோபோவே பின்னாளில் இந்தியாவில் ப்ராஜெக்ட் டெக் ஃபார் டெவ் என்று ஆரம்பித்து, பல தொண்டு நிறுவனங்கள் ஒரே ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பகிர்ந்து பயன்படுத்தும் வழியைத்தான் காட்டுகிறார். வருஷத்துக்கு ஒரு தரம் பேக்கப்பை வேறு கணினியில் ஏற்றி, திறக்கிறதா பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

அடுத்த தடவை ஊருக்குப் பணம் அனுப்பும்போது "இது அட்மின் செலவுக்கு, கணக்கு கேட்கமாட்டேன்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். பாஸ்போர்ட் மாறியிருந்தால், அனுப்புவதற்கு முன்னால் அதையும் சொல்லிவிடுங்கள். அம்புட்டுதான்.