பரிசேயர் என்னும் பெயர்

நம் திருநெல்வேலிச் சீமையில், பாளையங்கோட்டை முதல் இடையன்குடி ஈறாகவுள்ள சபைகளில், ‘பரிசேயன்’ என்னுஞ் சொல் மாய்மாலக்காரனைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே பெரும்பாலும் வழங்குகின்றது. இவ்வழக்கு வேதத்துக்கும் நியாயத்துக்கும் பொருந்தாதென்பதே எம் கருத்து.

பவுலப்போஸ்தலர் கமாலியேலின் பாதத்தருகே பயின்றவர். சங்கத்தார்முன் தம்மைப் பரிசேயரென்றே அறிக்கையிட்டவர். மரித்தோர் உயிர்த்தெழுதலைச் சதுசேயர் மறுக்க, பரிசேயர் ஏற்றனர்; நம் விசுவாசமும் அப்பக்கமே நிற்கின்றது. நம் ஆண்டவரையுஞ் சீஷர்கள் ரபீ என்று அழைத்தனர். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்குதல் தகுமாயின், மனிதனுக்கு நன்மை செய்தல் எவ்வளவு தகும் என அவர் வாதித்தார். சிறியதைக் கொண்டு பெரியதை நாட்டும் இம்முறை, ஹில்லேல் என்னும் யூதபோதகர் பெயரால் வழங்கும் ஏழு விதிகளுள் முதலாவதாம்.

அங்ஙனமாயின், மத்தேயு 23-ஆம் அதிகாரத்துக் கடுமொழிகள் யாவை எனின், அவை ஓரினத்தார்க்குள் எழுந்த கண்டனம் என்க. யூதரின் தல்மூதே பரிசேயரை எழுவகையாக்கி, அவருட் போலிகளை எள்ளுகின்றது. ஹில்லேல், ஷம்மாய் இருவர் பள்ளியாரும் மாறுபட்டுரைத்தவற்றை, ஏறத்தாழக் கி.பி. 200-இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா ஒருங்கே பேணிற்று. பொருநைக்கரை ஆற்றூரினரெனக் கருதப்படும் சேனாவரையர், தொல்காப்பியச் சொல்லதிகார உரையில் இளம்பூரணரைப் பலவிடத்தும் மறுக்கின்றார். அதுகொண்டு இளம்பூரணரைத் தமிழ்ப்பகைவர் என்பார் உளரோ?

ஒரு சொல்லால் விளையுந் தீங்கு யாது என்பார்க்கு விடையுண்டு. நாட்சியர் ஆட்சியில், 1945-க்குள், ஏறக்குறைய 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். அதற்குக் காரணங்கள் பல. ஆயினும், நூற்றாண்டுகளாகப் பிரசங்கபீடங்கள் விதைத்த இகழ்ச்சியும் அந்நிலத்தைப் பண்படுத்திற்று. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்துவின் மரணத்துக்காக யூதர் அனைவர்மீதும் பழி சுமத்துதல் தகாதென அறிவித்தது.

நம் ஊரில் யூதர் இலரே எனலாம். எதிருரைக்க ஆளில்லாவிடத்துப் பழித்தல் எளிது. ஆதலின் அவ்விடத்தே நாவடக்கம் மிக வேண்டும். ஒரு வகுப்பாரைப் புறத்தார் எழுத்து எத்துணைப் புண்படுத்தும் என்பதை நம் சீமை அறியும். கால்டுவெல் போன்ற பேரறிஞரே இந்நாட்டுச் சாதியொன்றைப் பற்றி 1849-இல் வெளியிட்ட நூல், அம்மக்களின் மனத்தாங்கலுக்கு இடமாயிற்று. நாம் வருந்திய ஒன்றைப் பிறர்க்கு நாமே செய்யலாமோ?

ஆகலின் உபதேசியார்களையும் ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியர்களையும் யாம் வேண்டுவது ஒன்றே. மாய்மாலத்தைக் கண்டிக்குங்கால் மாய்மாலம் என்றே கூறுக. அதற்குச் சொற்பஞ்சம் நமக்கில்லை. பவுல் தமக்குரியதாகக் கொண்ட பெயரை வசையாக்காதிருப்போமாக.