ஆட்டம் எப்போது? ஊசி எப்போது?

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நம் படித்த நண்பர்கள் சிலர் ஈப்போ ஹாக்கி ரசிகர்களைச் சற்று இளக்காரமாகத்தான் நினைவுகூர்கிறார்கள். நாடே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, கிண்ணம் எப்போது நடக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்த கூட்டமாம். அந்தக் கூட்டத்தின் நடுவே வளர்ந்தவன் நான். அவர்களுக்காகப் பரிந்து பேசவே இக்கட்டுரை.

பேராக்கிற்கு வெளியே வளர்ந்த வாசகர்களுக்குச் சிறு விளக்கம். 1983இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி நெடுங்காலமாக ஈப்போவில்தான் நடந்து வருகிறது. இந்திய அணி ஆடும் நாளில் அரங்கில் பாதி நம்மவர்களாகத்தான் இருப்பார்கள். மலேசியாவும் இந்தியாவும் மோதினால் யாருக்குக் கை தட்டுவது என்று ஒரே குடும்பத்துக்குள் சண்டை வரும். அது வேறு கதை. 2007, 2009, 2013, 2014 என நான்கு இறுதியாட்டங்களில் மலேசியா தோற்றதைத் தங்கள் வீட்டுத் துக்கம் போலச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள். 2020 ஏப்ரல் 11ஆம் நாள் தொடங்க வேண்டிய போட்டி, கோறனி நச்சிலால் செப்டம்பர் 24க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு அதுவும் இல்லையென்றாயிற்று. 2021இலும் நடக்கவில்லை. 2019 மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை ஈப்போ மீண்டும் கண்டது 2022 நவம்பரில்தான்.

என் பாட்டி வீடு சுங்கை சிப்புட் பக்கம். இரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. பழைய லயத்தில் சில குடும்பங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது கடைக்குப் போய்க் கூடிப் பேச வழியில்லை. ஆளுக்கொரு வாசலில் நாற்காலி போட்டு, வேலிக்கு வேலி கத்திப் பேசுவார்கள். பேச்சு ஹாக்கியில்தான் தொடங்கும். செப்டம்பரில் நடக்குமா, இந்தியா வருமா, ஆளில்லாத அரங்கில் ஆடினால் அது ஓர் ஆட்டமா? அங்கிருந்து பேச்சு தானாகவே நோய்க்குப் போகும். 2021 பிப்ரவரி 24இல் தேசியத் தடுப்பூசித் திட்டம் தொடங்கியதும் ஊசிக்குப் போனது.

ஊசி என்றதும் அச்சம் வந்தது. சிலர் அதை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 15இல் நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17இல் மாரடைப்பால் இறந்தார். அவர் போட்டுக்கொண்டது கோவாக்சின். நம் நாட்டுத் திட்டத்தில் அந்த ஊசி இடம்பெறவே இல்லை. அவரது மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று இந்திய அரசின் ஆய்வுக்குழு அறிவித்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளில் அவருடைய நகைச்சுவைக் காட்சிகள் எத்தனை முறை ஓடியிருக்கும்! பார்க்கும்போதெல்லாம் எங்கள் பாட்டி, "பாவம், ஊசியாலதான் போயிட்டாரு" என்பார். ஊசி போட்டவர்கள் இரண்டாண்டில் இறந்துவிடுவார்கள் என்ற பொய்ச் செய்தியும் அந்த மே மாதத்தில் தமிழிலேயே குரல்பதிவாக வந்து சேர்ந்தது. பொய் எத்தனை தெளிவான தமிழ் பேசியது என்பதை நம் கழகம் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 12இல் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, நமக்கு அது ஓர் அரசியல் செய்தி. சுங்கை சிப்புட் முதியவர்களுக்கு அந்தச் சொல் 1948. அவர்கள் சிறுபிள்ளைகளாகப் பார்த்த முள்வேலியும் ஊரடங்கும் அதே சொல்லுடன் ஒட்டிக்கொண்டவை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்த எதையும் அவர்கள் சந்தேகத்துடன் பார்த்ததில் வியப்பென்ன?

பதிவு செய்வதும் கைப்பேசியில்தான். மே 2ஆம் நாள் கோலாலம்பூர், சிலாங்கூர் மக்களுக்காகத் திறந்துவிடப்பட்ட 268,800 அஸ்ட்ராசெனகா இடங்கள் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் தீர்ந்தன. அதே வாரம் எங்கள் லயத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு மைசெஜாத்ரா செயலி என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களுக்குப் பதிந்து கொடுத்தவர்கள் பேரப்பிள்ளைகள்.

அந்த வாரத்தில்தான் வேலியோரப் பேச்சு சூடு பிடித்தது. ஒலிம்பிக் வீரர்களுக்கு ஊசி நன்கொடை அளிப்பதாக மே 6இல் ஃபைசர் நிறுவனமும் அனைத்துலக ஒலிம்பிக் மன்றமும் அறிவித்தன. நம் ஹாக்கி அணி 2019இலேயே பிரிட்டனிடம் தோற்று தோக்கியோ வாய்ப்பை இழந்திருந்தது. ஆனாலும், "நம்ம பையன்களுக்கும் முதல்ல போட்டா கிண்ணத்த நடத்திடலாம்ல?" என்று ஒருவர் கேட்டார். கேட்டவர் உண்மையான ரசிகர்தான். ஆனால் இருபத்தைந்து வயது ஆட்டக்காரருக்கு முன்னால் எழுபது வயதுக்காரர் நிற்பதுதான் முறை. நோய் யாரைக் கொல்கிறதோ அவருக்குத்தான் வரிசையில் முதலிடம். ஆட்டம் காத்திருக்கலாம். இதை அன்று உரக்கச் சொன்னவர் எங்கள் மாமா.

மாமாவுக்கு மருத்துவம் தெரியாது. பல ஆண்டுகள் பள்ளிகளுக்கிடையிலான ஹாக்கி ஆட்டங்களில் நடுவராக இருந்தவர். அவர் விசில் ஊதினால் ஊதியதுதான் என்ற பெயர் அவருக்கு உண்டு. பாட்டியின் மேற்கையில் இருந்த அம்மை குத்திய தழும்பைக் காட்டி, "இது என்னா அக்கா? இதுவும் ஊசிதானே? இது போட்டுத்தானே பெரியம்மை ஒழிஞ்சிச்சி?" என்று கேட்டார். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது என்பதெல்லாம் நான் பின்னர் தேடிப் படித்தது. பாட்டிக்கு அந்தத் தழும்பே போதுமானதாக இருந்தது.

"ஊசி போட்டவனுக்கும் வருதே, பிறகு எதுக்கு?" என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. "கோல்கீப்பர் கால்ல பேட் கட்டுறான். கட்டிட்டா பந்து வராதா? வரும். கால்லயும் படும். எலும்பு உடையாது. அவ்வளவுதான்." பலமுறை தள்ளிப்போன ஆசிய வெற்றியாளர் கிண்ணம் 2021 டிசம்பரில் டாக்காவில் நடந்தபோது, ஓர் ஆட்டக்காரருக்குத் தொற்று கண்டதால் மலேசியா போட்டியிலிருந்து விலகியது. அப்போதும் அதே கேள்வி எழுந்தது. அதற்குள் மாமா பதில் சொல்லத் தேவை இருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே "பேட்" என்ற சொல் வந்தது.

நான் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் உயிரியல் மலாயில் வந்தது. ஊசி உடலுக்குள் என்ன செய்கிறது என்பது 2021இல் எனக்கு நன்றாகவே தெரியும்; தேர்வில் வரைபடத்தோடு எழுதியிருப்பேன். பாட்டியிடம் சொல்ல வாய் திறந்தால் 'அந்தீபோடி' என்றுதான் வந்தது. நோய் எதிர்ப்பொருள் என்ற சொல்லைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, "அது என்னா பொருளு, கடையில விக்கிதா?" என்றார். வானொலியில் தமிழ் அறிவிப்புகள் வந்தன. அவை பெரும்பாலும் "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று முடியும் தமிழ். அதில் கட்டளை இருந்தது. பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பதினோராண்டு பள்ளிப் படிப்பாலும் அரசாங்க அறிவிப்பாலும் முடியாததை ஒரு முன்னாள் நடுவர் கால்காப்பைக் காட்டிச் செய்தார். கலைச்சொல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் கலைச்சொற்களை ஆக்குகிறோம், கருத்தரங்கில் கைதட்டுகிறோம். அவை லயத்து வாசல் வரை போகின்றனவா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஈப்போ அஸ்லான் ஷா அரங்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் இந்திரா முலியா அரங்கம் ஊசி போடும் மையமாக மாறியது. பாட்டி அங்கேதான் போட்டுக்கொண்டார். போகும் வழியில் பூட்டிக் கிடந்த ஹாக்கித் திடலை எட்டிப் பார்த்து, "புல்லு வாடிப்போச்சா?" என்று கேட்டார். அது செயற்கைப் புல் என்று மாமா சொன்னாராம்.

எல்லாரும் போகவில்லை. நான்கு வீடு தள்ளியிருந்த தாத்தா ஒருவர் கடைசிவரை மறுத்துவிட்டார். பழைய ஆட்டங்களின் கோல் கணக்கெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்தவர். மாமாவும் அவரும் ஏதோ பழைய மனத்தாங்கலில் பேசிக்கொள்வதில்லை. ஆகவே அந்தக் கால்காப்பு உவமை அவர் வாசலுக்குப் போகவில்லை. 2021 ஆகஸ்டில் நோய் வந்தது. ஒன்பது நாளில் போய்விட்டார். சடங்குக்கு யாரையும் விடவில்லை. அவ்வாண்டு இறுதிக்குள் இந்நாட்டில் இந்நோயால் இறந்த 31,000க்கும் மேற்பட்டோரில் அவரும் ஒருவர். அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில், ஈப்போவில் தென்கொரியாவை 3–2 என வீழ்த்தி மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது. மாமா அரங்கில் இருந்தார். திரும்பி வந்ததும் நேராக அந்தத் தாத்தா வீட்டுக்குப் போய், அவர் மகனிடம் கோல்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆண்டுதோறும் நம் கழகம் பட்டிமன்றம் நடத்துகிறது, கவியரங்கம் நடத்துகிறது. வரும் ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கி, மருத்துவம் படிக்கும் நம் மாணவர்களை இரண்டு தோட்டங்களுக்கு அழைத்துப்போகலாம். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஊசி என எதைப் பற்றி வேண்டுமானாலும் அங்குள்ளவர்கள் கேட்கட்டும். கேட்ட கேள்விகளையும் புரிந்துகொண்ட சொற்களையும் எழுதிக்கொண்டு வந்து இதே மலரில் வெளியிடலாம். மாமாவிடம் கேட்டேன், வழிகாட்டியாக வரச் சம்மதித்துவிட்டார். அஸ்லான் ஷா கிண்ணம் நடக்கும் வாரத்தில் மட்டும் நாள் குறிக்கக்கூடாதாம்.