ஜீப் கொண்டு போய் விடும், ராத்திரி யார் கொண்டு வருவாங்க?

காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தங்குறது பற்றி ஒரு நீள இழை. லீவு வருது, நிறைய பேர் புக் பண்ணியிருப்பீங்க. கொஞ்சம் பொறுமையா படிங்க.

போன வருஷம் ஒரு இளைஞர், எட்டு நாள் காய்ச்சல்னு வந்தார். வெளியில ரெண்டு இடம் பார்த்தாச்சு. டெங்கு நெகட்டிவ், தட்டணுக்கள் குறைவு, மூச்சு வாங்குது. சட்டையைக் கழட்டச் சொன்னேன். அக்குளில் சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலி இல்லாததால அவருக்கே தெரியல. "காட்டுப் பக்கம் போனீங்களா?" "ரெண்டு வாரம் முன்னாடி மலையில கேம்ப் போனோம் சார்."

ஸ்க்ரப் டைபஸ். புதர்ல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஒரு உண்ணியோட குட்டி கடிச்சு வர்றது. டாக்ஸிசைக்ளின், விலை ரொம்பக் குறைவான மாத்திரை. சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும். விட்டா நுரையீரல், மூளை, கிட்னி வரைக்கும் போகும். இவர் ஆக்ஸிஜன்ல அஞ்சு நாள் இருந்தார், பிழைச்சார். (நீங்களா மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க. டாக்டர்கிட்ட "காட்டுல தங்கினேன்"னு சொல்லுங்க, போதும்.)

இதனால காட்டுக்கே போகாதீங்கன்னு சொல்ல வரல. எனக்கும் பிடிக்கும். என் பிரச்சினை ஜீப்தான்.

கொழுக்குமலையை எடுத்துக்கோங்க. இடம் நம்ம தேனி மாவட்டம், ஆனா ஜீப் பாதை கேரளாவுல சூரியநெல்லி வழியா. கல்லும் பள்ளமுமா ஒரு மணி நேரத்துக்கு மேல குலுங்கிப் போகணும். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில 20 பேருக்கு மேல இறந்தது இதே மலைச்சரிவுலதான். அதுக்கப்புறம் அதே வருஷம் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. நடந்து போறவங்ககிட்ட உடம்பு எப்படி, வயசு என்னன்னு கேட்கிறாங்க. ஜீப்ல போறவங்கள அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல. வண்டி போகுதுன்னா பாதுகாப்புன்னு ஒரு நினைப்பு.

வண்டி போற இடத்துக்கு 108 வரணும்னு இல்லையே. பல கேம்ப்கள்ல ஜீப் உங்களை இறக்கிட்டு கீழ போயிடும், காலையிலதான் வரும். சிக்னல் கிடையாது. "கழிப்பறை இல்லை, கரண்ட் இல்லை, இயற்கையோட இருங்க"ன்னு அதையே விளம்பரமா போடுறாங்க!

மலையடிவாரக் காடுகள்ல கட்டுவிரியன் ராத்திரிதான் கடிக்கும், அதுவும் பெரும்பாலும் தரையில தூங்குறவங்களை. வலி, வீக்கம் இரண்டுமே பெரிசா இருக்காது. விடியக்காலையில வயிற்று வலி, கண் இமை தொங்கும், எச்சில் முழுங்க முடியாது. அடுத்தது மூச்சு. அரசு மருத்துவமனையில விஷமுறிவு மருந்து இலவசம், வென்டிலேட்டர்ல வெச்சுக் காப்பாத்தவும் முடியும். வந்து சேர்ந்தால்தானே? கட்டுப் போடுறது, கீறி விடுறதெல்லாம் வேண்டாம். கடிச்ச கையை காலை அசைக்காம உடனே கிளம்பணும். இன்னொண்ணு, மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கிற சில குழிவிரியன்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது, அதனால தங்கிப் பார்த்துக்கணும். பாம்பை அடிச்சு எடுத்துட்டு வராதீங்க, தூரத்துல இருந்து போட்டோ கிடைச்சா சரி.

குளிருதுன்னு கரிக்கங்கை டென்டுக்குள்ள வைக்கிற பழக்கமும் இருக்கு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்கினவங்க எழுந்திருக்க மாட்டாங்க.

கர்ப்பிணிகள், முதுகுத்தண்டு பிரச்சினை உள்ளவங்க, ஆஸ்டியோபோரோசிஸ் உள்ள பாட்டிமார் அந்த ஜீப்ல ஏறவே வேண்டாம். ஒரே ஒரு பள்ளத்துல முதுகெலும்பு நொறுங்கி வந்தவங்கள பார்த்திருக்கேன்.

என் கருத்து இதுதான்: ராத்திரி முழுக்க ஒரு ஜீப்பும், குடிக்காத ஒரு டிரைவரும் கேம்ப்லயே இருக்கணும். இல்லாத இடத்துக்கு லைசென்ஸே தரக்கூடாது. "செலவு ஆகும் சார்"ன்னு ஒரு கேம்ப் நடத்துறவர் எங்கிட்ட சொன்னார். ஆகட்டும். ஆளுக்கு 200 ரூபாய் கூட வாங்குங்க.

இன்னொருத்தரை எல்லாரும் மறந்துடுறோம். நீங்க ஜிப் போட்ட டென்டுக்குள்ள தூங்குவீங்க. உங்களுக்கு சிக்கன் சுட்டுக் கொடுத்த தம்பி வெளிய தார்பாயில படுத்திருப்பான். போன மழைக்காலத்துல பாம்புக்கடியோட எங்க வார்டுக்கு வந்தது அப்படி ஒரு சமையல் தம்பிதான், டூரிஸ்ட் இல்ல. காலையில பால் வண்டியில கொண்டு வந்தாங்க. புக் பண்றப்ப ஜீப் பற்றிக் கேட்கும்போது, அவன் எங்க தூங்குவான்னும் கேளுங்க.