மணவாளக்குறிச்சி மணலில் ஒரு கிரேக்கச் சொல்

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். இப்போது வங்கித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறார். ‘தினமும் 20 ஆங்கிலச் சொற்களை அர்த்தத்தோடு எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் பார்த்தால் நாலு சொல்கூட ஞாபகத்தில் இல்லை. வேர்ச்சொல் வைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அதையும் பட்டியலாகத்தான் கொடுக்கிறார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தால் இந்தக் கஷ்டம் வந்திருக்காதோ சார்?’ என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வந்திருக்கும். இங்கிலீஷ் மீடியம் குழந்தை அறிவியல் பாடத்தில் கார்னிவோர், ஹெர்பிவோர், ஆம்னிவோர் என்று மூன்று சொற்களை நெட்டுருப் போடுகிறது. நீங்கள் ஊனுண்ணி, தாவர உண்ணி, அனைத்துண்ணி என்று படித்தீர்கள். உங்கள் சொல்லில் பொருள் திறந்தே கிடக்கிறது. அந்தக் குழந்தையின் சொல்லில் அது லத்தீனுக்குள் பூட்டிக் கிடக்கிறது. வேர்ச்சொல் படிப்பு என்பது அந்தப் பூட்டைத் திறக்கிற வேலைதான். ‘வோர்’ என்றால் தின்பது. நம் ‘உண்ணி’யேதான். டெவவர் என்றால் விழுங்கித் தீர்ப்பது. வொரேஷியஸ் என்றால் அடங்காத பசி உள்ள. புத்தகங்களைத் தின்று தீர்ப்பவரை வொரேஷியஸ் ரீடர் என்பார்கள். ‘கார்ன்’ என்றால் ஊன், சதை. கார்னேஜ் என்றால் படுகொலை. ரீஇன்கார்னேஷன் என்றால் மீண்டும் உடலுக்குள் வருதல், அதாவது மறுபிறவி. கார்னிவல் என்ற கொண்டாட்டச் சொல்லுக்குள்ளும் இதே இறைச்சி இருக்கிறது. தவக்காலம் தொடங்குமுன், இறைச்சிக்கு விடை கொடுக்கிற கொண்டாட்டம் அது. குமரி மாவட்டத்தில் தவக்காலம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

பாக்கி இருப்பது ‘ஆம்னி’. ராத்திரியானால் சென்னைக்குக் கிளம்புகிறதே, அந்த ஆம்னி பஸ்தான். 1820களில் பிரான்சில், காசு கொடுக்கும் யாரும் ஏறிக்கொள்ளலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு ‘ஆம்னிபஸ்’ என்று பெயர் வந்தது. லத்தீனில் அதற்கு ‘அனைவருக்கும்’ என்று பொருள். இதில் ‘ஆம்னி’ என்பதுதான் ‘அனைத்து’. கடைசியில் வரும் ‘பஸ்’, நம் நான்காம் வேற்றுமை உருபான ‘கு’ செய்கிற வேலையைச் செய்கிற வெறும் விகுதி. உலகம் முழுக்க மக்கள் சொல்லை விட்டுவிட்டு வேற்றுமை உருபில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்! பொங்கலுக்கு முந்தின வாரம் ஆம்னி பஸ் டிக்கெட் விலையைப் பார்த்தால் ‘அனைவருக்கும்’ என்ற பொருள் எங்கே போனது என்றுதான் தோன்றும். அது வேறு விஷயம். ஆம்னிபொடன்ட் என்றால் எல்லாம் வல்ல, ஆம்னிபிரசன்ட் என்றால் எங்கும் நிறைந்த, ஆம்னிஷியன்ட் என்றால் எல்லாம் அறிந்த. கோயிலிலும் தேவாலயத்திலும் காலங்காலமாகத் தமிழில் சொல்லி வருகிற வார்த்தைகள் மூன்றும்.

வேர்ச்சொல் முறையில் ஆங்கிலம் கற்பதற்கு நார்மன் லூயிஸ் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ புகழ்பெற்ற புத்தகம். 1949இல் வந்தது. இன்றும் பழைய புத்தகக் கடைகளில் முன்வரிசையில் கிடக்கும். நல்ல புத்தகம்தான், வாங்குங்கள். ஆனால் அது அமெரிக்கர்களுக்காக எழுதியது. அவர் காட்டும் ஆட்களும் தொழில்களும் அவர்கள் ஊர்க்காரை. ஒரு வேர் மனதில் ஊன்ற வேண்டுமானால், அது ஊன்றும் மண் நமக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பட்டியல் மறந்துபோவதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. ஆகவே நாகர்கோவிலைச் சுற்றியே ஒரு சுற்று போய் வருவோம்.

முதலில் திருவட்டாறு பக்கம். மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே, இந்தக் குன்றிலிருந்து அந்தக் குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக 1966இல் கட்டியது. 115 அடி உயரம். மேலே நடந்து போனால் கால் கொஞ்சம் கூசும். ஊர்க்காரர்கள் அதன் வடிவத்தைப் பார்த்துத் தொட்டி என்றார்கள். ஆங்கிலத்தில் அது அக்விடக்ட். ‘அக்வா’ தண்ணீர், ‘டக்ட்’ என்பது நடத்திச் செல்வது. தண்ணீரை நடத்திச் செல்வது அக்விடக்ட் என்றால், ஆட்களை நடத்திச் செல்பவர் யார்? கண்டக்டர். தமிழில் நடத்துநர் என்று எழுதினார்களே, அது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். இதே வேர் ‘ட்யூஸ்’ என்றும் உருமாறும். இன்ட்ரட்யூஸ் என்றால் உள்ளே கூட்டி வருவது, அறிமுகம். ப்ரட்யூஸ் என்றால் முன்னே கொண்டு வருவது. ரெட்யூஸ் என்றால் பின்னே இழுப்பது, குறைப்பது. அப்டக்ட் என்றால் அப்பால் கொண்டுபோவது, கடத்தல். சம்பளச் சீட்டில் வருகிற டிடக்ஷன், கையிலிருந்து நடத்திக்கொண்டு போய்விடுவது. இதற்கு உதாரணம் யாருக்கும் தேவைப்படாது.

அங்கிருந்து கன்னியாகுமரி. மூன்று பக்கம் கடல். பெனின்சுலா. ‘பேனே’ என்றால் கிட்டத்தட்ட, ‘இன்சுலா’ என்றால் தீவு. கிட்டத்தட்டத் தீவு. பள்ளிக்கூடத்தில் தீபகற்பம் என்று படித்தோம். எனக்குப் பல வருடம் அதில் ஒரு தீபம் எரிந்துகொண்டிருந்தது! உண்மையில் அது சமஸ்கிருதத்தின் ‘த்வீபம்’, அதாவது தீவு. ‘கல்பம்’ என்றால் ஏறக்குறைய அதைப் போன்றது. லத்தீன்காரரும் சமஸ்கிருதக்காரரும் ஒரே கடற்கரையைப் பார்த்து ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். இந்தத் தீவு எங்கெல்லாம் தலைகாட்டுகிறது பாருங்கள். கரன்ட் பாயாமல் கம்பியைத் தனித்தீவாக்குவது இன்சுலேஷன். கொரோனா காலத்தில் எல்லோரும் கற்றுக்கொண்ட ஐசொலேஷன், தீவில் விட்டதுபோல் தனிமைப்படுத்துவது. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இந்தக் குடும்பம்தான். கணையத்தில் ஆங்காங்கே தீவுகள்போலச் சிதறிக் கிடக்கும் செல் கூட்டங்களில் சுரப்பதால் அந்தப் பெயர். வெளியுலகம் தெரியாத குறுகிய பார்வையை இன்சுலர் என்பார்கள். வாசிப்புப் பகுதிக் கேள்விகளில் வரக்கூடிய சொல், குறித்துக்கொள்ளுங்கள். ‘பேனே’யை வைத்து பெனல்ட்டிமேட். அல்ட்டிமேட் கடைசி. பெனல்ட்டிமேட் கடைசிக்கு முந்தினது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஐலண்ட் என்ற சொல்லும் இன்சுலாவிலிருந்து வந்ததுதானே என்று எழுதிவிடாதீர்கள். அது பழைய ஆங்கிலச் சொல், லத்தீனோடு உறவே இல்லை. லத்தீன் வழி வந்த ஐல் என்ற இன்னொரு சொல்லைப் பார்த்து, யாரோ படித்தவர்கள் இதற்கும் நடுவில் ஒரு ‘எஸ்’ஸைச் சொருகிவிட்டார்கள். உச்சரிப்பில் வராத அந்த எழுத்தால் இன்றைக்கும் பிள்ளைகள் டிக்டேஷனில் மதிப்பெண் இழக்கிறார்கள்.

இனி மேற்குக் கடற்கரை, மணவாளக்குறிச்சி. அங்கே மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கிறது. இந்த மணலை உலகம் கவனித்த கதையே ஒரு சொல்லாராய்ச்சிதான். 1909 வாக்கில் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தென்னங்கயிற்றுக்கு ஆங்கிலத்தில் காயர். நம் கயிறுதான், மலையாளக் ‘கயர்’ வழியாகப் போனது. நம் சொல் கப்பலேறிப் போகும்போது ஒரு கிரேக்கச் சொல்லையும் ஒட்டவைத்துக்கொண்டு போயிருக்கிறது.

மோனசைட் கிரேக்கம். ‘தனித்திருப்பது’ என்று பொருள். முதலில் கண்டெடுத்தபோது அதன் படிகங்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகக் கிடந்தனவாம். 1829இல் வைத்த பெயர். ‘மோனோ’ என்றால் ஒற்றை, தனி. மோனோபொலி என்றால் ஒருவரே விற்கும் ஏகபோகம். மோனோலாக் என்றால் தனி ஆள் பேச்சு. மோனார்க் என்றால் தனியாக ஆள்பவர், மன்னர். மோனோடனஸ் என்றால் ஒரே தொனியில் போவது, சலிப்பூட்டுவது. மாங்க் என்றால் தனித்திருப்பவர், துறவி. அவர் இருக்கிற இடம் மொனாஸ்ட்ரி. துறவிக்கும் கடல் மணலுக்கும் ஒரே பெயர் என்பதை ஒருமுறை கேட்டால் மறக்க முடியுமா? ஆனால் மணவாளக்குறிச்சியில் இந்தத் துறவி கூட்டுக்குடும்பத்தில்தான் இருக்கிறார். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் எல்லாம் கூடவே உண்டு. கார்னெட் அந்தச் சிவப்பு மணல். மாதுளை முத்துபோல இருப்பதால் வந்த பெயர். வேர் ‘கிரான்’, மணி அல்லது விதை. கிரெய்ன், கிரானைட், வெடிக்கிற கிரெனேட், பாமக்ரனேட் என்ற மாதுளை எல்லாம் ஒரே குலை. குமரியில் பொட்டலம் போட்டு விற்கிற வண்ண மணலை, தேவியின் கல்யாணம் நின்றுபோனதால் மணலாக மாறிய விருந்துச் சோறு என்று சொல்வார்கள். மணியைப் பார்த்துத் தானியத்தை நினைத்தவர்கள் லத்தீன்காரர்கள் மட்டுமில்லை.

மோனசைட்டிலிருந்து தோரியம் வருகிறது. தோர் என்ற வடதேசத்து இடிக்கடவுளின் பெயர் அது. தர்ஸ்டே அவருடைய நாள். அன்றைக்குத் தோரியத்தை வைத்து காஸ் விளக்கின் மேன்டில் செய்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே, அந்த மேன்டில். மேன்டில் என்றால் போர்வை. டிஸ்மேன்டில் என்றால் போர்வையை உரிப்பது, பிரித்துப் போடுவது. இந்த மணலை எடுக்கலாமா, கூடாதா என்று மாவட்டத்தில் ஓயாத சண்டை. எந்தப் பக்கம் நிற்பதானாலும், அறிக்கையில் வருகிற சொற்கள் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொண்டு நிற்பது நல்லது.

வீட்டிலும் இப்படித்தான். வீட்டுக் கடன் வாங்கினால் வங்கியில் அமார்டைசேஷன் ஷெட்யூல் என்று ஒரு தாள் தருவார்கள். பலர் அதைப் பிரித்தே பார்ப்பதில்லை. ‘மார்ட்’ என்றால் சாவு. நம் வழக்கில் உள்ள மரணம் என்ற சொல்லும் இதுவும் சமஸ்கிருத, லத்தீன் வழிப் பங்காளிகள். மார்ச்சுவரி தெரியும். மார்ட்கேஜ், சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘செத்த அடமானம்’. அமார்டைசேஷன், கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிப்பது. மாதாமாதம் கட்டுவதில் அசலை எவ்வளவு சாகடித்தோம், வட்டிக்கு எவ்வளவு போனது என்று அந்தத் தாளில் வரிவரியாக இருக்கிறது. முதல் சில வருடங்களின் வரிகளைப் பார்த்தால் கடன் எவ்வளவு கெட்டி உயிர் என்று புரியும்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். வேர் பாதிதான் சொல்லும். லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. ‘இன்’ என்றால் ‘இல்லை’ என்று மட்டும் படித்தவர், தீப்பிடிக்காது என்று எண்ணிப் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் என்ன ஆகும்? அங்கே ‘இன்’ என்பதற்கு ‘உள்ளே’ என்று பொருள். தீக்குள் போகக்கூடியது. இந்தக் குழப்பத்துக்காகவே பல இடங்களில் இப்போது ஃப்ளேமபிள் என்று மட்டும் எழுதுகிறார்கள். அதேபோல பெடஸ்ட்ரியனில் இருப்பது லத்தீன் பாதம். அதை வைத்துக்கொண்டு பீடியாட்ரிஷியனைக் கால் டாக்டர் என்று நினைத்துவிடக்கூடாது. அது கிரேக்கக் குழந்தை. வேரைக் கொண்டு ஊகிக்கலாம். ஊகத்தை வாக்கியத்தில் வைத்துப் பார்த்து, அகராதியில் உறுதிசெய்ய வேண்டும்.

அகராதியில் இருப்பது டெஃபினிஷன். அதிலுள்ள ‘ஃபினிஸ்’ என்பதற்கு எல்லை, முடிவு என்று பொருள். ஃபைனல், ஃபினிஷ், இன்ஃபினிட் எல்லாம் இதன் பிள்ளைகள். ஒரு சொல் எதுவரை போகும், எங்கே நிற்கும் என்று எல்லைக்கல் நடுவது டெஃபினிஷன். தமிழில் வரையறை. அதிலும் ‘வரை’ நிற்கிறது. 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டத்துக்காரர்களுக்கு, எல்லை எங்கே போடுகிறார்கள் என்பதன் அருமை நன்றாகவே தெரியும்.

வாசகிக்கு என் யோசனை இதுதான். 20 சொல் பட்டியலை நிறுத்துங்கள். நோட்டில் பக்கத்துக்கு ஒரு வேர். மேலே உங்கள் ஊர்ப் பொருள் ஒன்று, தொட்டிப்பாலமோ ஆம்னி பஸ்ஸோ. கீழே அதன் குடும்பத்தில் ஐந்தாறு சொல். ஒவ்வொன்றின் வரையறையையும் அகராதியிலிருந்து காப்பியடிக்காமல், உங்கள் அம்மாவுக்கு விளக்குவதுபோல் ஒரு தமிழ் வரியில் எழுதுங்கள். எழுத வராவிட்டால் சொல் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். அந்தச் சொல் செய்தித்தாளில் கண்ணில் படும்போது அந்த வாக்கியத்தை மட்டும் பக்கத்தில் சேருங்கள். வாரத்துக்கு மூன்று வேர் போதும்.

அடுத்த வாரத்துக்கு ஒரு கேள்வி. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றின் டர்பைனுக்கும், ‘டோன்ட் டிஸ்டர்ப்’ என்ற பலகைக்கும், விமானம் குலுங்கும்போது சொல்கிற டர்புலன்ஸுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? பதிலோடு அதே குடும்பத்தில் இன்னொரு சொல்லையும் எழுதி அனுப்புங்கள்.