மாப்பிள்ளையும் சோதிக்கட்டும்!

கல்யாணமாகி ஐந்து வருஷம், வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லையென்றால் லயத்தில் முதலில் எழும் பேச்சு 'மலடி' என்பதுதான். தண்ணீர்மலையில் நேர்த்திக்கடன், மந்திரித்த கயிறு, நாட்டு மருந்து எல்லாம் அவளுக்கே. "எனக்கு என்னங்க கோளாறு? கல்லு மாதிரி இருக்கேன்" என்று மாப்பிள்ளை ஒதுங்கிக்கொள்வார். இது நியாயமா என்று நாம் கேட்கிறோம்.

பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் உண்டு என்பது மருத்துவ உண்மை. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று கிருமித் தொற்று. வெட்டை நோயும் கிளமிடியா என்ற கிருமியும் சிறுநீர்ப் பாதை வழியே ஏறி, விதைக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாயைப் புண்ணாக்கும். புண் ஆறினாலும் தழும்பு வழியை அடைத்துவிடலாம். இரு பக்கமும் அடைபட்டால் உயிரணு எப்படி வெளிவரும்? கிளமிடியா பல ஆண்களுக்கு எரிச்சலோ வலியோ காட்டாது. ஆனால் மனைவிக்குத் தொற்றி அவளது கருக்குழாயையும் கெடுத்துவிடும்.

பினாங்கு மக்களுக்கு ஜெரஜாக் தீவு தெரியும். முன்பு தொழுநோயாளிகளையும், பின்னர் காசநோயாளிகளையும் அங்கே வைத்தார்கள். இரண்டும் கிருமி நோய்களே. இரண்டுமே விதையைத் தாக்கக்கூடியவை. தீவுக்கு அனுப்பிய காலம் போய்விட்டது, இன்று மருந்து உண்டு. நோயை மறைக்கும் பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

ஆகவே தோழர்களே, சிறுநீர் எரிச்சல், சீழ், விதை வீக்கம் கண்டால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். விதையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி! கடையில் நாமே மாத்திரை வாங்கி, இரண்டு நாளில் நிறுத்துவது ஆபத்து. வெட்டைக் கிருமி ஏற்கெனவே பல மருந்துகளுக்கு அடங்குவதில்லை. டாக்டர் சொன்ன நாள்வரை, புருஷன் பெண்சாதி இருவரும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும்.

கூலி போய்விடுமே என்ற தயக்கம் வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சீட்டு இருந்தால் வருஷத்துக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு.

விந்துப் பரிசோதனைக்குக் கத்தியில்லை, வலியில்லை. கூலி உயர்வு கேட்க வெட்கப்படாத நாம், டாக்டரிடம் வாய் திறக்க வெட்கப்படலாமா? மலடி என்ற சொல் நம் லயங்களிலிருந்து ஒழியட்டும்!